சொந்தக் கூரையும் சங்கக் கணக்கும்: சேலம், நாமக்கல் மகளிர் குழுக்கள் கடந்து வந்த பாதை

சேர்வராயன் மலைக்கும் கொல்லிமலைக்கும் காவிரிக்கும் நடுவே விரிந்து கிடக்கிற இந்தச் சமவெளியில் தறி உண்டு, மரவள்ளி உண்டு, கோழிப்பண்ணை உண்டு, லாரிப் பட்டறையும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியும் உண்டு. உழைக்கிற கைகளுக்கு இங்கே என்றுமே குறைவிருந்ததில்லை. ஆனால் கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ பிள்ளைகளோடு தனியே நின்ற பெண்ணுக்கு, எத்தனை உழைத்தாலும் தன் பெயரில் ஒரு வீடு என்பது நெடுங்காலம் எட்டாத ஒன்றாகவே இருந்தது. பிறந்த வீட்டுத் திண்ணையில் ஒதுங்குவாள். இல்லையென்றால் தறிப்பட்டறை முதலாளியின் லைன் வீட்டில் குடியிருப்பாள். இன்று ஓமலூரிலும் எடப்பாடியிலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் அப்படிப்பட்ட தாய்மார் தங்கள் பெயரில் பட்டா வாங்கி, காங்கிரீட் கூரை போட்டுக் குடியேறியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னே ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. அதை இங்கே வரிசையாகப் பதிவு செய்வோம்.

கூட்டுச் சேமிப்பு என்ற விதை இந்த மண்ணில் விழுந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 1909இல் சேலம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி தோன்றியது. சென்னை மாகாணத்தின் முன்னோடி மாவட்ட வங்கிகளில் அதுவும் ஒன்று. விவசாயிக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க அது வழி செய்தது. ஆனால் கடன் கேட்க நிலம் வேண்டும், ஜாமீன் நிற்க ஆள் வேண்டும். இரண்டும் இல்லாத பெண் அந்தப் படியை மிதிக்க இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அவள் கைக்கு முதன்முதலாகச் சொந்தக் காசு வந்த இடங்களில் ஒன்று திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர் மனமுவந்து அளித்த நிலத்தில் 1925 பிப்ரவரி 6ஆம் நாள் ராஜாஜி இதைத் தொடங்கினார். சேலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞராக இருந்து, நகராட்சித் தலைவராகவும் பணியாற்றியவர், தொழிலை விட்டுவிட்டு மழை பொய்த்த ஒரு கிராமத்துக் குடிலில் வந்து குடியேறினார். ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். ராஜாஜியின் துணைவியார் அலமேலு மங்கம்மாள் 1916இல் மறைந்துவிட்டார். ஐந்து பிள்ளைகளையும் தனியாளாகவே அவர் வளர்த்தார். புதுப்பாளையத்துக்கு வந்தபோது மகன் நரசிம்மனும் மகள் லட்சுமியும் அவரோடு இருந்தனர். இந்தச் சமவெளியின் ஏழைப் பெண்களுக்காக எழுந்த முதல் நிறுவனங்களில் ஒன்றை உருவாக்கியவரும் ஒரு தனித்த பெற்றோரே. இதை நம் மேடைகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆசிரமத்தின் வேலை எளிமையானது. பஞ்சைக் கொடுப்பார்கள், பெண்கள் வீட்டிலிருந்தே நூற்றுக் கொண்டுவந்தால் எடை போட்டுக் கூலி தருவார்கள். சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து பெண்கள் நூல் சிட்டத்தைச் சுமந்துகொண்டு வெயிலில் நடந்து வந்தார்கள். கூலி சொற்பம்தான். வயல் வேலை இல்லாத மாதங்களில் அடுப்பெரிய வைத்தது அந்தச் சொற்பம். கே. சந்தானம் நிர்வாகத்தைக் கவனித்தார். காந்தியடிகள் 1925 மார்ச்சிலேயே வந்து பார்த்தார். பின்னாளில் ‘கல்கி’ கிருஷ்ணமூர்த்தி இங்கே தங்கி, மதுவிலக்குக்காக 1929இல் தொடங்கப்பட்ட ‘விமோசனம்’ இதழில் ராஜாஜிக்குத் துணை நின்றார். நூற்பு, கதர், தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு என்று ஆசிரமம் எடுத்துக்கொண்ட பணிகளில் வீடு கட்டுவது இல்லை. என்றாலும் பெண் சம்பாதித்த காசு கள்ளுக்கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வரவேண்டும் என்ற பிடிவாதம் அங்கேதான் வேர்விட்டது.

1937 இந்த வரலாற்றில் பெரிய ஆண்டு. சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் அன்று சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. மற்ற மாவட்டங்களுக்கு மதுவிலக்கு பிறகுதான் சென்றது. போரின்போது அது கைவிடப்பட்டதும், 1948இல் மாகாணம் முழுமைக்கும் திரும்ப வந்ததும், 1971இல் தளர்த்தப்பட்டதும் வேறு கதை. அதே 1937இல்தான் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும் வந்தது. கணவன் இறந்தபின் அவன் பங்கை அனுபவிக்கும் உரிமை மனைவிக்குக் கிடைத்தது. ஆனால் ஆயுள் மட்டும் அனுபவிக்கலாம். விற்கவோ, விரும்பியவருக்கு எழுதிவைக்கவோ இயலாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்த வரம்பை நீக்கி முழு உரிமை அளித்தது. தமிழ்நாடு 1989இல் இன்னும் ஒரு படி மேலே போய், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது சட்டமாக 2005 வரை ஆனது.

இடைப்பட்ட ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1974இல் ஆதிதிராவிடர் வீட்டு வசதிக்கென்று தாட்கோ நிறுவனம் தொடங்கியது. 1975இல் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதியமும், 1986இல் கைவிடப்பட்ட மனைவியருக்கான ஓய்வூதியமும் வந்தன. 1985-86இல் மத்திய அரசின் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் தொடங்கி, ஊருக்கு ஊர் ‘தொகுப்பு வீடு’ எழுந்தது. பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால் ஊரில் யாராவது நமக்காகப் பேச வேண்டும். தனித்திருந்த பெண்ணுக்காகப் பேச அன்று ஆள் இல்லை.

பேச ஆள் வந்தது 1990களில். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983இல் அமைந்திருந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989 செப்டம்பரில் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் அரசு முன்னின்று அமைத்த முதல் குழுக்கள் அவை. 1965 வரை தருமபுரி சேலத்தின் பகுதியாகவே இருந்தது என்பதால், அந்தப் பெருமையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று உரிமையோடு சொல்லிக்கொள்கிறோம். 1991-92இல் திட்டம் அன்றைய சேலம் மாவட்டத்துக்கும் தென்னாற்காடு மாவட்டத்துக்கும் விரிந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1 அன்று. ஆகவே இரு மாவட்டத்துக் குழுக்களும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். தொண்டு நிறுவனங்கள் ஊர் ஊராகச் சென்று குழு அமைத்தன. இந்தியன் வங்கி கடன் வழங்கியது.

அந்தத் தொடக்க நாட்களின் பாடு இன்றைய உறுப்பினர்களுக்குத் தெரியாது. 12 முதல் 20 பெண்களைச் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. ‘சீட்டுப் பிடித்து ஓடிவிடுவார்கள்’ என்று ஆண்கள் தடுத்தார்கள். கூட்டம் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கூடும். தறி நிறுத்தி, சோறாக்கி, பிள்ளைகளைப் படுக்க வைத்த பிறகு மாரியம்மன் கோயில் திண்ணையிலோ பள்ளிக்கூட வராந்தாவிலோ உட்கார்வார்கள். மின்சாரம் போனால் அரிக்கேன் விளக்கு. வாரம் 5 ரூபாய், 10 ரூபாய் சந்தா. ஊக்குநர் ஒருவர், பிரதிநிதிகள் இருவர். எழுதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குழுவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வந்து தீர்மான நோட்டு எழுதினாள். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அறிவொளி இயக்கத்தில் கையெழுத்துப் பழகி, வங்கிச் சலானில் முதன்முதலாகத் தங்கள் பெயரை எழுதினார்கள்.

கணக்கைப் பாருங்கள். 15 பேர், வாரம் 10 ரூபாய். ஆண்டு முடிவில் 7,800 ரூபாய். அதைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. நூற்றுக்கு இரண்டு வட்டியில் உறுப்பினருக்குள்ளேயே சுற்றும். வெளியே ஐந்து வட்டி, பத்து வட்டி, மீட்டர் வட்டி என்று ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய விடுதலை. வட்டியும் குழுவுக்கே திரும்பி வந்தது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் தர மதிப்பீடு, பிறகு சுழல்நிதி, பிறகு வங்கிக் கடன். பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிப் பெண்களுக்கு இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். பட்டறையில் வாங்கிய முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது; குடியிருக்கும் லைன் வீடும் அதே முதலாளியுடையது. வேலையை விட்டால் வீடும் போகும். குழுக் கடனில் முன்பணத்தை அடைத்தவள் அடுத்து எண்ணியது சொந்தமாக ஒரு மனை.

1997இல் மாநில அரசு தன் நிதியிலேயே மகளிர் திட்டத்தைத் தொடங்கியது. குழுக்கள் எல்லா மாவட்டங்களுக்கும் பரவின. அதற்கு முந்தைய ஆண்டுதான் உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்திருந்தது. குழுவில் பேசிப் பழகிய பெண்கள் வார்டு உறுப்பினராகவும் ஊராட்சித் தலைவராகவும் வந்தார்கள். தொகுப்பு வீட்டுப் பட்டியல் கிராம சபையில் படிக்கப்பட்டபோது, ‘அந்தப் பிள்ளை பேரு எங்கே?’ என்று எழுந்து கேட்கக் கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தார்கள்.

நாமக்கல் அந்நாட்களில் ஒரு பெருந்துயரையும் சுமந்தது. நெடுஞ்சாலையை நம்பி வாழ்ந்த லாரித் தொழிலாளர் குடும்பங்களில் எச்.ஐ.வி. பரவி, இருபது வயதிலும் இருபத்தைந்து வயதிலும் பெண்கள் விதவையானார்கள். புகுந்த வீடு வெளியே அனுப்பியது. வாடகைக்கு வீடு கொடுக்கவும் தயங்கினார்கள். இந்த மண்ணின் மகளான கௌசல்யா பெரியசாமி, தன் நிலையை மறைக்காமல் வெளியே வந்து பேசிய இந்தியாவின் முதல் பெண்களில் ஒருவர். 1998இல் சென்னையில் ‘பாசிட்டிவ் உமன் நெட்வொர்க்’ அமைப்பை நிறுவினார். மருந்து, பிள்ளைகளின் படிப்பு, கணவன் சொத்தில் பங்கு ஆகியவற்றுக்காகப் பாதிக்கப்பட்ட பெண்கள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுத்தார்கள். அவரை நாமக்கல் தன் பெருமைமிக்க பெயர்களில் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தெற்கே மதுரையில் 1990 முதல் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்பு இயக்கம் வளர்ந்துவந்தது. அதன் தலைவி, அழகர்கோயில் பக்கத்துப் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை, நாற்று நடும் கூலிப் பெண்களுக்குக் கொத்துத் தலைவியாக இருந்தவர். 2001 ஜனவரியில் தில்லியில் ஸ்த்ரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் பாதம் தொட்டார். அந்தப் படத்தைப் பற்றி நம் மாவட்டக் குழுக்களிலும் பேசாதவர் கிடையாது. அவருக்குப் பத்மஸ்ரீ 2019இல் வந்தது. ஆயிரக்கணக்கான பெண்களைச் சேமிக்க வைத்த அவருக்கு வீடு வழங்க முதலமைச்சர் உத்தரவிட்டது 2024 மார்ச்சில்தான்.

2000களில் குழுக்களின் பலம் வேறு வடிவம் எடுத்தது. ஊராட்சி அளவில் கூட்டமைப்புகள் அமைந்தன. பெரிய கடன் வாங்கும் தகுதி வந்தது. 2008 ஏப்ரல் முதல் நூறு நாள் வேலை நம் இரு மாவட்டங்களுக்கும் வந்தது. ஆண் பெண் இருவருக்கும் ஒரே கூலி. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், ஆறு ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் இலக்கோடு தொடங்கியது. 2011-12இல் பசுமை வீடு திட்டம் வந்தது: 300 சதுர அடி, 1.80 லட்சம் ரூபாய், சூரிய ஒளியில் எரியும் ஐந்து விளக்குகள்.

அரசு மானியம் வீட்டை முழுதாகக் கட்டித் தருவதில்லை, கட்டியவர்களுக்குத் தெரியும். மானியம் தவணை தவணையாக வரும். கடக்கால் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டத்துக்கு ஒன்று, கூரை ஓட்டியபின் ஒன்று. முதல் தவணைக்கு முன்பே செங்கல், மணல், ஜல்லி, கம்பி இறக்க வேண்டும். ஆண் துணையுள்ள குடும்பம் எங்காவது கைமாற்று வாங்கிவிடும். தனித்த தாய்க்கு அந்த இடத்தில் குழுதான் கைகொடுத்தது. உள்கடன் 20,000, 30,000 என்று தீர்மானம் போட்டுக் கொடுப்பார்கள். தவணை வந்ததும் அடைப்பாள். லிண்டலுக்கு மறுபடி வாங்குவாள். குழுப் பெண்கள் முறை வைத்துக்கொண்டு வந்து செங்கல் சுமந்தார்கள், கலவை எடுத்துக் கொடுத்தார்கள். சித்தாள் கூலி மிச்சம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1976இல் மில்லர்டு ஃபுல்லரும் அவர் மனைவி லிண்டாவும் தொடங்கிய ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்பும் இதே முறையில்தான், வீடு பெறுபவரின் உடலுழைப்பையே அவர் பங்காகக் கொண்டு, ஏழைக் குடும்பங்களுக்கு வட்டியில்லாத கடனில் வீடு கொடுத்து உலகப் புகழ் பெற்றது. நம் பெண்கள் அதைக் கேள்விப்படாமலே செய்தார்கள்.

இராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் நிலை வைக்கும் நாளை நேரில் பார்த்தேன். வீட்டுக்காரி கணவனை இழந்தவர். வடக்கே ரிக் வண்டியில் வேலைக்குப் போன இடத்தில் விபத்தில் போய்விட்டான். இரண்டு பிள்ளைகள். வேப்ப மர நிலை சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது சுமங்கலிப் பெண்களின் வேலை என்பது ஊர் வழக்கம். அவர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஜல்லிக் குவியல் பக்கம் ஒதுங்கி நின்றார். குழு ஊக்குநர் அறுபதைத் தொட்டவர். மஞ்சள் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தார். “நீயே வெய்யி அம்மிணி. ஊடு உன்னுது.” “நானுங்களா அக்கா? ஊருல என்ன பேசுவாங்க?” என்றார் அவர். “பேசறவங்க வந்து கடனக் கட்டுவாங்களா?” என்று கேட்டுவிட்டு ஊக்குநர் நகர்ந்துபோய்க் கொத்தனாரிடம் சாந்து கெட்டியாக இருக்கிறதென்று சத்தம் போட ஆரம்பித்தார். பூசிய மஞ்சள் நிலையின் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தது, கை நடுங்கியிருக்கிறது.

2016 முதல் பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம் பழைய இந்திரா நினைவுத் திட்டத்தின் இடத்தைப் பிடித்தது. சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம் ரூபாய். காங்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு தன் பங்காகப் பின்னாளில் மேலும் 1.20 லட்சம் சேர்த்தது. இவற்றோடு 90 நாள் கூலி நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து வந்தது. 16 முதல் 59 வயதுக்குள் ஆண் இல்லாத, பெண்ணே தலைவியான குடும்பத்தை ஏழ்மைக்கான அளவுகோல்களில் ஒன்றாகவே இத்திட்டம் எண்ணியது. முன்பு ‘ஆம்பளை இல்லாத வீடு’ என்று ஒதுக்கி வைத்த காரணமே இப்போது அவளைப் பட்டியலில் முன்னே கொண்டுவந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டின் முன் அவளை நிறுத்தி அலைபேசியில் படம் எடுத்து அனுப்பினால்தான் அடுத்த தவணை. செங்கல் சுவர் வளர வளர அதன் முன்னே அதே பெண் நிற்கும் அந்த நான்கைந்து படங்களைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவர்களும் உண்டு.

மனை இல்லாதவர்களுக்குப் பட்டா முதல் படி. அரசு தரும் இலவச வீட்டுமனைப் பட்டா, கிராமங்களில் அதிகபட்சம் 3 சென்ட், பெண் பெயரிலேயே வழங்கப்படுகிறது. அதற்காகக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஏறி இறங்கிய நடைகளைக் குழுக்கள் கூட்டாகவே நடந்தன. திங்கட்கிழமை மனுநாளில் ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்லும் பேருந்துச் செலவு குழுவின் பொதுக் கணக்கிலிருந்து எழுதப்பட்டிருப்பதைப் பழைய நோட்டுகளில் காணலாம்.

கொரோனா முடக்கத்தில் தறி நின்றது, சந்தை நின்றது. பல குழுக்கள் சந்தாவைத் தள்ளிவைத்தனவே தவிர, கூட்டத்தை விடவில்லை. 2021இல் கூட்டுறவு வங்கிகளில் மகளிர் குழுக்கள் பெற்ற 2,756 கோடி ரூபாய்க் கடனை மாநில அரசு தள்ளுபடி செய்தது. 1909இல் எந்த வங்கிப் படியை நம் பெண்கள் மிதிக்க முடியாதிருந்ததோ, அந்த வங்கி வரிசையில் இன்று அவர்கள் வாடிக்கையாளர்கள்.

2024இல் கலைஞர் கனவு இல்லம் அறிவிக்கப்பட்டது. 2030க்குள் 8 லட்சம் வீடுகள்; வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடி காங்கிரீட் கூரை. 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. அண்ணன் தம்பி பெயரில் எழுதினால் போதும் என்று இதுவரை நினைத்திருந்த குடும்பங்களும் இந்தக் காசுக் கணக்கைப் பார்த்து அம்மா பெயரிலும் மகள் பெயரிலும் எழுதத் தொடங்கியுள்ளன. வீட்டைக் கட்டி முடித்த உறுப்பினர்கள் இப்போது அடுத்த கடனுக்குத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்: ஒருவருக்கு வீட்டுக்குப் பின்புறம் தறிக் கொட்டகை, இன்னொருவருக்கு இரண்டு கறவை மாடு, வேறொருவருக்கு மகளின் செவிலியர் படிப்புக் கட்டணம்.